அண்ணையைக் கொன்று அரியணை ஏறிய கதை

எழுபதுகளில் ரொறன்ரோவில் இருந்த தமிழர் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று இப்போது பழைய ஆட்கள் சொல்லக் கேட்கிறேன். அது பிழை. இரண்டு பஸ் தேவைப்பட்டிருக்கும். அப்போதே நாங்கள் இரண்டு கட்சியாகிவிட்டோம். எதற்காகப் பிரிந்தோம் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு கட்சியிலும் செயற்குழு உறுப்பினனாக இருந்தேன்.

இரண்டு கட்சியும் ஒன்றாக உட்காருவது வருடத்தில் ஒரு நாள், பொங்கல் விழாவுக்கு. பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தை எடுப்போம். தை மாதத்துப் பனியில் முற்றத்தில் அடுப்பு மூட்ட முடியாதென்பதால் சமையலறையின் மின்சார அடுப்பில் பானை ஏறும். அடுப்பில் எதுவும் பொங்கி வழியக் கூடாது என்று தேவாலயத்தார் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆகவே பால் பொங்கவும் வேண்டும், வழியவும் கூடாது. ஒருவர் கரண்டியோடு காவல் நிற்பார். எங்கள் சங்கத்தின் பொதுக் கொள்கையும் ஏறக்குறைய அதுதான்.

பொங்கலுக்குப் பிறகு நாடகம். எழுதி இயக்கும் பொறுப்பு என்னுடையது. ஊரில் நான் வரலாறு படிப்பித்தவன். ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கோப்பறையில் கோப்புகளை அகர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். கோப்புகளுக்குக் கை தட்டத் தெரியாது. வருடம் முழுவதும் தேங்கிய என் மேதாவிலாசம் தை மாதத்தில்தான் உடைப்பெடுக்கும்.

முதல் வருடம் சமூக நாடகம் போட்டோம். அதில் வந்த கஞ்சன் தன்னைத்தான் குறிக்கிறான் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கோபித்தார்கள். நான் மனத்தில் வைத்திருந்த நாலாவது ஆள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் அரச நாடகம். அரசன் எந்த ஊர்ப் பக்கத்தவன், மந்திரியை ஏன் எங்கள் ஊர்ப் பேச்சில் பேச வைத்தாய் என்று பங்குனி வரை வழக்கு நடந்தது. அதனால் மூன்றாவது வருடம் ரொறன்ரோவில் சொந்தக்காரரே இல்லாத ஓர் அரசனைத் தேடிப் பொது நூலகத்துக்குப் போனேன். சீனத்துப் பேரரசர்களைப் பற்றிய தலையணை அளவுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதில்தான் என் கதாநாயகன் இருந்தான்.

ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலான கதை. ஒரு பேரரசருக்கு வளர்ந்த மகன்மார் மூன்று பேர். மூத்தவன் பட்டத்து இளவரசன். நடுவிலான் சண்டைகளை எல்லாம் வென்று கொடுத்தவன், கெட்டிக்காரன். ஆனால் எத்தனை சண்டை வென்றாலும் நடுவிலான் நடுவிலான்தானே. ஒரு நாள் காலை அவன் அரண்மனை வாசலில் மறைந்து நின்று, குதிரையில் வந்த தமையனைத் தன் கையாலேயே அம்பெய்து கொன்றான். தம்பியை நடுவிலானின் ஆட்கள் முடித்தார்கள். அந்த இருவருடைய ஆண்பிள்ளைகள் பத்துப் பேரையும் மிச்சம் விடவில்லை. இவ்வளவும் நடக்கும்போது தகப்பன் அரண்மனை ஏரியில் ஓடத்தில் உலாப் போய்க்கொண்டிருந்தார். முழுக் கவசமும் ஈட்டியுமாக ஒரு தளபதி அவரிடம் வந்து, உங்களைப் பாதுகாக்க வந்திருக்கிறேன் என்றான். தகப்பன் புத்திசாலி. சில நாளில் நடுவிலானைப் பட்டத்து இளவரசனாக்கினார். இரண்டு மாதத்தில் சிம்மாசனத்தை விட்டும் எழும்பிவிட்டார். எரிச்சல் என்னவென்றால், அவன் பிறகு மிக நல்ல அரசன் என்று பெயர் எடுத்தான்.

அவனுடைய மனைவியைப் பற்றிப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அன்று காலை அவள் படைவீரர்களிடையே வந்து நின்று துணிவு சொன்னாளாம். எங்கள் சங்கத்தில் பெண் வேடத்துக்கு ஆள் பிடிப்பது தலைவர் பதவிக்கு ஆள் பிடிப்பதைவிடக் கஷ்டம். அந்த வரியை வெட்டிவிட்டேன்.

செயற்குழுவில் பிரச்சினை கொலைகளின் எண்ணிக்கையில் வந்தது. மகளிர் பகுதிப் பொறுப்பாளர் நேரே என்னைப் பார்த்தார்.

"நல்ல நாளும் பெருநாளுமா மேடையிலை பிணம் விழுத்தப் போறியளோ?"

வரலாறு அப்படி என்றேன். செத்த சகோதரர்களின் பிள்ளைகளான பத்துப் பெறாமக்களைப் பற்றியும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பத்திலிருந்து பேரம் தொடங்கியது. பிள்ளைகளை முதல் சுற்றிலேயே விட்டுக்கொடுத்தேன். தம்பிக்காக அரை மணித்தியாலம் வாதாடினேன். அவனும் பிழைத்துக்கொண்டான். கடைசியில் ஒரேயொரு சாவுக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் எல்லாரும் பொங்கல் சாப்பிட்டு முடிந்த பிறகு. உண்மையில் எனக்கும் அது ஆறுதல்தான். ஒத்திகைக்கு வரக்கூடிய ஆண்கள் மொத்தம் ஏழு பேர். பெறாமக்களையும் கொல்வதென்றால் கனடாவின் குடிவரவுச் சட்டம் இன்னும் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும்.

இனி வருகிறவர்களை வேடத்தின் பெயராலேயே சொல்கிறேன். சொந்தப் பெயரை எழுதினால் எனக்கு இன்றும் சோறு போடுகிற வீடுகளில் இரண்டு குறையும்.

பேரரசராக நடித்தவர் மதுரைக்காரர். ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தார். தகப்பன் மதுரை, பிள்ளைகள் யாழ்ப்பாணம். தகப்பன் "வாப்பா, போப்பா" என்பார், பிள்ளைகள் "வாங்கோ, போங்கோ" என்பார்கள். சீனாவும் பெரிய நாடுதானே என்று எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன்.

பட்டத்து இளவரசர் ஒரு பொறியியல் கம்பனியில் படம் வரைபவர். நாற்பது வயது. அப்போதுதான் கட்டி முடித்த மல்வேர்னில் வரிசை வீடொன்று வாங்கியிருந்தார். அதன் நிலவறையில்தான் எங்கள் ஒத்திகை. அந்நாளில் விமான நிலையத்திலிருந்து அவருடைய காரில் ஏறாமல் ரொறன்ரோவுக்குள் நுழைந்த யாழ்ப்பாணத்தார் குறைவு. என்னையும் அவர்தான் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது: மேடையில் நன்றாகச் சாக வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு நாடகத்தில் செத்து, சனம் அழுததாம். அவருக்காக மூன்று பக்கத்தில் ஒரு சாவு எழுதிக் கொடுத்தேன். போதாதென்று தானும் ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டார்.

இளவரசன், அதாவது அண்ணனைக் கொல்கிற நடுவிலான், இருபத்தேழு வயதுப் பெடியன். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அகன்ற தோள், வெண்கலக் குரல், கொடுங்கோலனுக்கென்றே அளந்து செய்த புருவம். பட்டத்து இளவரசர்தான் அவனையும் விமான நிலையத்தில் ஏற்றியவர், வேலைக்குச் சொல்லிவிட்டவர், தன் பழைய குளிர் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவன் வாராவாரம் மல்வேர்னுக்கு பஸ் எடுத்து வந்து, கோட்டுக்காரரைக் கொல்லப் பழகினான்.

கொலைக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். மண்டபத்துக்குள் உண்மையில் அம்பு விட முடியாது. எனவே இளவரசன் வெறும் வில்லை இழுத்து நாணை விடுவான். மேலங்கிக்குள் அம்பை ஒளித்து வைத்திருக்கும் பட்டத்து இளவரசர் அந்தச் சத்தத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி, அதை எடுத்துத் தன் நெஞ்சில் தானே பிடித்துக்கொள்வார். அவர் பங்கு முதல் நாளே சரியாக வந்துவிட்டது. அவன் பங்கு வரவில்லை. "அடே அண்ணா, அரியணைக்கு இருவர் இல்லை, வீழ்க" என்று நான் எழுதியிருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா… அரியணைக்கு இருவர் இல்லை… வீழுங்கோ" என்றான். வில்லை இழுத்ததும் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, "நொந்ததோ அண்ணை?" என்று கேட்டான்.

வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையைப் பட்டத்து இளவரசரின் தங்கை செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன் தமையனிடம் வந்தவள், ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நிலவறைப் படிக்கட்டில் வசனக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். பெடியன் தடுமாறும்போது அவள் நிமிராமலே அடியெடுத்துக் கொடுப்பாள். "அடே அண்ணா" என்று சொந்தத் தமையனைப் பார்த்து எந்தக் கூச்சமும் இல்லாமல் அவள் சொல்லும்போது எனக்கே முதுகு சிலிர்க்கும். இளவரசன் வேடத்துக்கு இவள்தான் பொருத்தம் என்று ஒரு கணம் தோன்றும். தேத்தண்ணி வந்ததும் மறந்துபோகும்.

அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்று மாதத்தில் அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிய சொற்கள் அத்தனையும் நான் எழுதியவை, பாதி கொலை மிரட்டல். இருந்தும் எப்படியோ பிடித்துவிட்டது. தமையனுக்கும் பெடியனில் விருப்பம். ஆனால் முடிவு தாயாரின் கையில். தாயார் ஊரிலிருந்து மார்கழியில் வந்து இறங்கினார். வரும்போதே லண்டனில் இருக்கும் ஒரு டொக்டர் மாப்பிள்ளையின் படத்தையும் சாதகக் குறிப்பையும் கைப்பையில் கொண்டுவந்தார்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையை நேரே கூப்பிட்டு இருத்திப் பார்ப்பதில்லை. கோயில் திருவிழா மாதிரி நாலு பேர் கூடுகிற இடத்தில், அவனுக்குத் தெரியாமல், எப்படி நிற்கிறான், பெரியவர்களோடு எப்படிப் பேசுகிறான் என்று பார்ப்பார்கள். ரொறன்ரோவில் அப்போது எங்களுக்கென்று கோயில் இல்லை. பொங்கல் விழாதான் இருந்தது. அங்கே வந்து பெடியனைப் பார்க்கிறேன், அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று தாயார் கட்டளையிட்டார். அன்று பின்னேரமே மூன்று பேர் அவனுக்கு டெலிபோன் எடுத்து, அவனுக்கு இது தெரியக் கூடாது என்று சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவன் என் பார்க்டேல் அறைக்கு வந்தான். கையில் ஒரு கேக் பெட்டி. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்தான்.

"அண்ணை, ஒரு சின்ன மாற்றம் செய்யேலாதோ?"

"என்ன மாற்றம்?"

"பட்டத்து இளவரசர் காய்ச்சலிலை செத்தால் என்ன?"

பட்டத்து இளவரசர் காய்ச்சலில் செத்தால் அதற்கு நாடகம் என்று பெயரில்லை, மரண அறிவித்தல் என்றேன். குதிரையிலிருந்து விழுந்தால்? எங்களிடம் குதிரை இல்லை. சரி, எய்த பிறகு இளவரசன் அழுது மன்னிப்புக் கேட்டால்? அவன் ஈவிரக்கமில்லாதவன் தம்பி, அதுதான் கதையே என்றேன்.

"அண்ணை, அந்த மனிசி ஊரிலையிருந்து பிளேனேறி வந்து முன்வரிசையிலை இருக்கப்போகுது. நான் அவவின்ரை மூத்த மகனை அவவுக்கு முன்னாலை கொல்லப்போறன். அதுக்குப் பிறகு எனக்கு மகளைத் தருவாவோ?"

"உமக்கு அந்தப் பிள்ளையை அவ்வளவு பிடிச்சிருக்கோ?"

கேக் பெட்டியின் நூலை விரலில் சுற்றினான். "நான் அடுத்த சொல்லை மறந்துபோய் நிக்கேக்கை அவவுக்குத் தெரியுது, அண்ணை. ஒருநாளும் சிரிக்கேல்லை" என்றான்.

மனிதத்தன்மை உள்ளவன் அந்த இடத்தில் பேனாவை எடுத்துக் காய்ச்சலை எழுதியிருப்பான். எனக்கோ வேறொரு கனவு. யாழ்ப்பாணத்தில் ஒரு வார இதழில் இருந்த நண்பன், கனடாவில் தமிழ் நாடகம் என்று ஒரு படம் போடுவதாக எழுதியிருந்தான். வில் வளைந்திருக்க, பட்டத்து இளவரசர் நெஞ்சைப் பிடித்துச் சரிய, கீழே என் பெயர். படத்தில் காய்ச்சல் தெரியாது. ஆகவே மேடை ஏறினால் நீர் நீர் இல்லை, கலைக்கு உறவு கிடையாது என்று அவனுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை, ஆகையால் அப்படியெல்லாம் பேச முடிந்தது. அவன் "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு எழும்பினான். கேக்கை விட்டுவிட்டுப் போனான். தின்றேன். மிக நல்ல கேக். அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

விழாவன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. மண்டப வாசலில் சப்பாத்துகள் குவிந்து உருகின. அரச உடுப்புகளை டன்டாஸ் வீதிச் சீனக் கடையொன்றில் வாங்கியிருந்தோம். டிராகன் என்கிற சீனத்து நாகம் தைத்த பட்டு மேலங்கிகள். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவை படுக்கப் போகும்போது போடுபவை என்று பொறுமையாகச் சொல்லியிருந்தார். காவலர்களின் ஈட்டிகள் வெள்ளித்தாள் சுற்றிய ஹொக்கி மட்டைகள். ஏரி ஓடத்துக்குத்தான் நான் மூளையைக் கசக்கியிருந்தேன். பனிச்சரிவில் சறுக்கி விளையாடும் நீண்ட மரப் பலகை ஒன்றுக்கு முன்பக்கம் காகித முகப்பு வைத்து, அதில் பேரரசரை இருத்தி, பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றால் இழுப்பது என்று ஏற்பாடு. இழுப்பவர் எங்கள் சங்கப் பொருளாளர். பட்டத்து இளவரசர் விழுந்து ஐந்து எண்ணியதும் இழுக்க வேண்டும்.

முன்வரிசையில் நடுவில் தாயார். காஞ்சிபுரம் சேலை, அதற்கு மேலே மகனுடைய கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். லண்டன் டொக்டர் அதற்குள்தான் இருந்தார்.

முதல் மூன்று காட்சியும் பழுதில்லை. நாலாவது காட்சி அரண்மனை வாசல். பட்டத்து இளவரசர் கம்பீரமாக வந்தார். இளவரசன் தூணுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு வில்லைத் தூக்கினான். தூக்கியவன், பார்க்கக் கூடாத திசையில் ஒருமுறை பார்த்தான். முன்வரிசை. வில் மெல்ல இறங்கியது.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது. "அடே அண்ணா, அரியணைக்கு இருவர் இல்லை." அவள் மறுபடி சொன்னாள். அவன் வில்லைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், மேலங்கியின் நாகத்தைப் பார்த்தான். பட்டத்து இளவரசருக்கோ நாலு பக்கச் சாவு தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. பொறுக்க முடியாமல், ஒரு சுற்றுச் சுற்றி அம்பை எடுத்து நெஞ்சில் பிடித்துவிட்டார். அப்போதுதான் நாண் இன்னும் அசையவில்லை என்பது அவருக்கு விளங்கியது. அம்பைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. நெஞ்சில் அம்போடு நின்றபடி, உதட்டை அசைக்காமல் அவர் சொன்னது முதல் நாலு வரிசைக்குக் கேட்டது.

"எய்யடா தம்பி. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவன் மாட்டேனென்று தலையை ஆட்டி, வில்லைக் கீழே வைத்தான். இந்த அமைதியைக் கேட்ட பொருளாளர், தனக்குரிய கட்டம் தவறிவிட்டது என்று நினைத்துக் கயிற்றை இழுத்தார். பேரரசர் கையில் காகிதத் தாமரையோடு, ஏரியில் உலாப் போகிறவராக, இரண்டு மகன்மாருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு வந்து நின்றார். தமையனின் நெஞ்சில் அம்பு, தம்பியின் வில் நிலத்தில். கணிதப் பேராசிரியர் இரண்டையும் கூட்டிப் பார்த்தார், விடை வரவில்லை.

"என்னப்பா, இன்னும் முடியலையா?" என்றார்.

மண்டபம் வெடித்தது. இரண்டு கட்சியும் ஒரே சமயத்தில் சிரித்ததை அன்றுதான் கண்டேன். எங்கேயோ புகைப்படக் கருவி மின்னியது. நான் மண்டபத் தூண் ஒன்றுக்குப் பின்னால், என் பெயர் அச்சாகும் வார இதழை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்புக்கு மேலாக அவள் குரல் வந்தது. இப்போது அடியெடுத்துக் கொடுக்கிற குரல் இல்லை. கொப்பியிலும் இல்லாத வசனம்.

"அண்ணையைப் பாத்துக்கொண்டு என்ன நிக்கிறியள்? எய்யுங்கோ எண்டுறன்."

மண்டபம் சட்டென்று அடங்கியது. அவன் நிமிர்ந்தான். வில்லைத் தூக்கினான், காது வரை இழுத்தான், விட்டான். மூன்று மாத ஒத்திகையில் ஒருநாளும் வராத இழுப்பு. நாணின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகுதான், கை தானாகக் கீழே போக, நான் எழுதாத ஒரு வசனத்தை அவன் சொன்னான்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ."

பட்டத்து இளவரசர் குறை நினைக்கவில்லை. உலகத்தில் அவ்வளவு சந்தோசமாகச் செத்த மனிதரை நான் பார்த்ததில்லை. முதலில் வலப்பக்கம் செத்தார். இடப்பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லையோ என்று எழும்பி அந்தப் பக்கமும் வந்து செத்தார். பின்வரிசையில் யாரோ இன்னொருதரம் என்று கத்த, செத்தவரின் ஒரு முழங்கை எழும்பியது. திரையை இழுக்கச் சொல்லி நான் கையைக் காட்டினேன். முடிசூட்டுக் காட்சியில் பேரரசர் பிஸ்கட் தகரத்தில் வெட்டிய முடியை அவன் தலையில் வைத்தபோது, அரியணையில் இருந்தவனின் முகம் தூக்குமேடைக்குப் போகிறவனின் முகம்தான். எல்லாரும் அதை நடிப்பு என்று பாராட்டினார்கள்.

பிறகு தேத்தண்ணியும் வடையும். கதிரை அடுக்குகிற சாட்டில் நான் பின்கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தேன். தாயார் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர்தானோ உதை எழுதினது?"

ஓம் என்றேன்.

"பின்னாலையிருந்து எய்யச் சொல்லிக் கத்தினதும் உம்மடை எழுத்தோ?"

அது வசனம் எடுத்துக்கொடுப்பவர்கள் என்று இழுத்தேன். ஆர் என்று சரியாகத் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"என்ரை பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியாதோ?" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பெடியன், முடியைக் கழற்றவும் மறந்துபோய், பட்டத்து இளவரசருக்கு வடையும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்து, முழங்கை நொந்ததோ என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை கொஞ்சம் தள்ளி நின்று கொப்பியை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் அவளுக்கு வேர்த்திருந்தது.

என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. தாமதமாக வருகிற மனிதத்தன்மை சும்மா வராது, உளறிக்கொண்டுதான் வரும். பெடியன் தங்கமானவன், அந்தக் கொலை என் பிழை, அவன் காய்ச்சல்தான் கேட்டான், நான்தான் மாட்டேன் என்றேன் என்று ஒப்பித்தேன். காய்ச்சலைப் பற்றித் தாயாருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

"அவன் நல்ல பெடியன் எண்டு எனக்குத் தெரியுது. நல்ல பெடியங்கள் ஊரிலையும் நிறையக் கிடக்கிறாங்கள்" என்றார் நிதானமாக. "சபை முழுக்கச் சிரிச்சும் செய்யமாட்டன் எண்டு நிண்டவன், தமையனே கெஞ்சியும் செய்யமாட்டன் எண்டு நிண்டவன், இவள் ஒரு சொல்லுச் சொன்ன உடனை செய்தான். என்ரை பிள்ளையின்ரை குணத்துக்கு உப்பிடி ஒருத்தன் வேணும். லண்டன் டொக்டர் ஆற்றை சொல்லையும் கேக்கிற முகமில்லை."

கைப்பையைத் திறந்து டொக்டரின் படத்தை எடுத்தார். ஒருமுறை பார்த்தார். வடை வைத்திருந்த காகிதத் தட்டுக்குக் கீழே, எண்ணெய் சேலையில் படாமல், அதை விரித்துக்கொண்டார்.

கலியாணம் அந்த வருடம் கோடையில் அதே மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனாக முன்னால் நடந்து வந்தவர் செத்த பட்டத்து இளவரசர். யாழ்ப்பாணத்து வார இதழும் சொன்னபடி படத்தைப் போட்டது. நெஞ்சில் அம்பைப் பிடித்தபடி ஒருவர் காத்து நிற்கிறார், நடுவே ஒருவர் சறுக்குப் பலகையில் தாமரையோடு கையாட்டுகிறார், வில்லைக் கீழே போட்டவன் சபையைப் பார்த்து முழிக்கிறான். "கனடாவில் சீனத்து நகைச்சுவை நாடகம்" என்று தலைப்பு. கீழே என் பெயர், எழுத்துப்பிழையில்லாமல்.

அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. இப்போது அவர்கள் மில்லிக்கனில் இருக்கிறார்கள். ஆட்சி நன்றாகத்தான் நடக்கிறது. போன மாதம் சாப்பிடப் போயிருந்தபோது, இத்தனை வருடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, இளவரசனின் மனைவி அன்று காலை வாசலில் வந்து நின்று துணிவு சொன்னாள், பெண் வேடத்துக்கு ஆள் இல்லையென்று நான்தான் வெட்டினேன் என்று.

அவள் கறிச் சட்டியை மேசையில் வைத்தாள்.

"உதை அப்பவே சொல்லியிருந்தால் நான் மேடைக்கே வந்திருப்பன்" என்றாள். "உவர் அவ்வளவு நேரம் நிண்டிருக்கவும் மாட்டார்."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த, அன்று முடிசூடிய பேரரசர் தண்ணீரை நிறுத்தாமலே, "ஓம்" என்றார்.